உடைந்தால் ஒட்டலாம்: நுரை அட்டையில் இரட்டை மோட்டார் விமானம்

நீரிறைக்கும் இயந்திரம், வானொலிப் பெட்டி, கைத்தொலைபேசி என்று எத்தனையோ கருவிகளை நாம் அன்றாடம் பாவிக்கின்றோம். அவை பழுதானால் திருத்துபவரைத் தேடிப் போகின்றோம். அவரும் கைவிரித்துவிட்டால் புதிது வாங்குகின்றோம். அது ஏன் இயங்கியது, ஏன் நின்றது என்ற கேள்வி எம்மிடம் எழுவது குறைவு. கருவியைத் திறந்து பார்க்கப் பயம். விலை கூடிய பொருளில் கை வைத்துப் பழக யார்தான் துணிவார்கள்?

ஆகவே, தொழில்நுட்பம் பழக விரும்பும் இளைஞனுக்கோ யுவதிக்கோ முதலில் வேண்டியது விலை கூடிய கருவியன்று. உடைத்தாலும் மனம் நோகாத கருவி. உடைந்ததை அன்று மாலையே ஒட்டி, மறுநாட் காலை மீண்டும் பரீட்சித்துப் பார்க்கக்கூடிய கருவி. அத்தகைய ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. நுரை அட்டையை வெட்டி மடித்து ஒட்டி, இரண்டு சிறிய மின் மோட்டார்களைப் பூட்டி, வானொலி அலையால் தரையிலிருந்து இயக்கும் விமானம் அது. பார்வைக்கு விளையாட்டுப் பொருள்தான். ஆனால் அதனைச் செய்து பறக்கவிடுபவர் நெம்புகோல், திருப்பம், மின்னோட்டம், காற்றின் விசை எல்லாவற்றையும் கையாற் கற்றுவிடுகின்றார்.

அட்டையின் சிறப்பு

புத்தகக் கடைகளிலே விளம்பரப் பலகைக்கும் பாடசாலைக் கண்காட்சிக்கும் விற்கப்படும் நுரை அட்டையை வாசகர்கள் அறிவார்கள். நடுவில் 5 மில்லிமீற்றர் அளவு தடிப்பான ரிஜிபோம், இரு பக்கமும் கடதாசி. தனி ரிஜிபோமை விரலால் நெரித்தால் நொருங்கும். தனிக் கடதாசி நிமிர்ந்து நில்லாது. இரண்டும் ஒட்டியிருக்கும்போது மட்டும் அந்தப் பலம் எங்கிருந்து வருகின்றது?

கூரை வேயும் தச்சரைக் கவனித்துப் பாருங்கள். பனஞ்சலாகையை அவர் தட்டையாகக் கிடத்துவதில்லை. விளிம்பில் நிமிர்த்தியே வைப்பார். ஒரு பலகையின் உயரம் இரு மடங்கானால் வளைவுக்கு அது காட்டும் எதிர்ப்பு எட்டு மடங்காகும். நுரை அட்டையிலும் அதே தத்துவந்தான். அட்டை வளையும்போது மேற் கடதாசி நெருக்கப்படும், கீழ்க் கடதாசி இழுக்கப்படும். இரண்டையும் ஒன்றுக்கொன்று தூரத்தில் பிடித்து வைப்பதே நடுவிலுள்ள நுரையின் வேலை. பாரமில்லாத பொருளால் உயரத்தைச் சம்பாதித்துக் கொள்கின்றோம்.

இந்த அட்டையை விமானம் செய்யும் பொருளாகப் பிரபலமாக்கியவர்களுள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த 'ஃப்ளைற் ரெஸ்ற்' குழுவினர் முக்கியமானவர்கள். ஒரு டொலர் கடைகளிற் கிடைத்த அட்டையைக் கொண்டு எவரும் செய்யக்கூடிய வரைபடங்களை இலவசமாக வெளியிட்டார்கள். 'குரூசர்', 'கினி பிக்' போன்ற இரட்டை மோட்டார் விமானங்களும் அவற்றுள் உண்டு. அவர்கள் கையாண்ட இன்னொரு நல்ல வழக்கம், மோட்டாரையும் அதன் தாங்கியையும் மூங்கில் ஈர்க்காலும் றப்பர் வளையத்தாலும் கழற்றிப் பூட்டக்கூடியதாக அமைப்பது. அட்டை நொருங்கினாலும் மோட்டார் பிழைக்கும். ஒரே மோட்டார் அடுத்தடுத்த விமானங்களுக்கும் பயன்படும். ஏழைக்கு ஏற்ற சிக்கனம் இது.

விளையாட்டுப் பொருள் தந்த வித்து

ஒகாயோ என்றதும் வேறொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. அம்மாநிலத்தின் டேற்றன் நகரிற் சைக்கிள் கடை நடத்தியவர்களே ரைற் சகோதரர்கள். 1878 இல் அவர்களுடைய தகப்பனார், றப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் மேலெழும் சிறு பறக்கும் பொம்மை ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தார். தக்கை, மூங்கில், கடதாசியால் ஆனது அது. அது உடைந்து போகவே, சிறுவர்கள் அதேபோல் தாமே செய்து பார்த்தார்கள். தமது ஆர்வம் அந்தப் பொம்மையிலிருந்தே தொடங்கியதெனப் பிற்காலத்தில் அவர்கள் கூறினார்கள்.

1903 டிசெம்பர் 17 ஆம் திகதி அவர்களுடைய விமானம் முதன்முதலாக 12 செக்கன்கள் பறந்தது. கடந்த தூரம் 120 அடி. அந்த விமானத்தில் இயந்திரம் ஒன்று, விசிறிகள் இரண்டு. சைக்கிளில் உள்ளது போன்ற சங்கிலியால் இரு விசிறிகளையும் ஓட்டினார்கள். ஒரு பக்கச் சங்கிலியை எட்டு வடிவில் குறுக்கே விட்டு, விசிறிகள் எதிரெதிர்த் திசையிற் சுழலும்படி செய்தார்கள். அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர் பார்ப்போம். இன்று நுரை அட்டையில் இரண்டு மோட்டார் பூட்டுபவரும் அதே கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கின்றது.

முதலில் தராசு

விமானம் கட்டும் வேலை கத்தியோடு தொடங்குவதில்லை, தராசோடு தொடங்குகின்றது. உதாரணமாக, செட்டையின் நீளம் 120 சென்ரிமீற்றர், அகலம் 20 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் 10 சென்ரிமீற்றர் கொண்ட சதுரங்களாக அதனைப் பிரித்தால் 24 சதுரங்கள் வரும். இனி நிறையைக் கூட்டிப் பார்ப்போம். வெட்டிய அட்டை 270 கிராம், பசை 40 கிராம், இரண்டு மோட்டார்கள் 60 கிராம், அவற்றின் வேகக் கட்டுப்படுத்திகள் இரண்டும் 50 கிராம், மடல்களை அசைக்கும் சேர்வோக்கள் நான்கும் 36 கிராம், வானொலி வாங்கி 10 கிராம், பற்றறி 180 கிராம், விசிறி, வயர், தாங்கி முதலியன 74 கிராம். மொத்தம் 720 கிராம்.

இதனை 24 ஆற் பிரித்தால் ஒரு சதுரத்துக்கு 30 கிராம் சுமை. பழகுநர் ஒருவருக்கு இது நல்ல அளவு. இந்த எண் கூடினால் விமானம் வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும். வேகமாகப் பறப்பது வேகமாகவே விழும்; கற்பவருக்கு யோசிக்க நேரமிராது. பசையைத் தாராளமாகப் பூசுவதும், பலத்துக்கென்று தேவையற்ற இடங்களில் அட்டைத் துண்டு ஒட்டுவதும் இந்த எண்ணைச் சத்தமின்றி ஏற்றிவிடும்.

அட்டையை வாங்கும்போதே நிறுத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்க டொலர் கடை அட்டை 20 அங்குலத்துக்கு 30 அங்குலம். ஒன்று ஏறத்தாழ 115 கிராம். தடித்த கடதாசி ஒட்டிய வேறு அட்டைகள் அதே அளவில் அதன் இரு மடங்கு நிறைக்குக் கிட்டவும் வரும். கிடைப்பது பாரமான அட்டையானால், உள்ளே மறையும் பக்கத்துக் கடதாசியை உரித்துவிடலாம். வரைபடத்தில் எழுதியுள்ள நிறையை நம்பியிருக்காமல், கையிலுள்ள அட்டையின் நிறையைக் கொண்டே கணக்குப் பார்க்க வேண்டும்.

செட்டையும் உடலும்

செட்டைக்கு வளைவு வேண்டும். அட்டையின் ஒரு பக்கக் கடதாசியை மட்டும் அடிமட்டம் வைத்து மெல்லக் கீறி, மறுபக்கக் கடதாசி பிணைச்சலாக நிற்க மடித்தால் முன்விளிம்பு உருவாகும். உள்ளே, செட்டையின் முழு நீளத்துக்கும் இரண்டு அட்டைக் கீலங்களை நிமிர்த்தி ஒட்டினால் அதுவே முதுகெலும்பு. மேல் அட்டையை அதன்மேல் மடித்துப் பின்விளிம்பில் ஒட்டிவிட, மேலே வளைந்து கீழே தட்டையான செட்டை கிடைத்துவிடும்.

இதனிலும் எளிய முறை ஒன்றுண்டு. தட்டை அட்டையின் மேல், முன்பாதியை மட்டும் மூடும்படி இன்னொரு அட்டையை ஒட்டிப் படி போல் விடுவது அது. ரிச்சர்ட் கிளைன் என்ற விளம்பரத்துறை ஓவியர் கடதாசி விமானம் மடித்துப் பார்த்துக் கண்ட படிச் செட்டை வடிவத்திலிருந்து வந்தது இது. ஃபோகிள்மன் என்பவருடன் சேர்ந்து 1972 இல் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். பின்னர் நடந்த காற்றுச் சுரங்கச் சோதனைகளில் அது வழமையான செட்டையை வெல்லவில்லை. எனினும் செய்வது எளிது, பலமும் உண்டு. ஆகவே சிறிய நுரை விமானங்களில் அது நிலைத்துவிட்டது.

உடல் வெறும் நீள்பெட்டிதான். செட்டையை உடலோடு ஒட்டிவிடாமல், குறுக்கே செருகிய இரண்டு மூங்கில் ஈர்க்குகளில் றப்பர் வளையம் மாட்டிக் கட்டுவது நல்லது. தரையில் மோதும்போது ஒட்டிய செட்டை முறியும்; கட்டிய செட்டை கழன்று விலகும். ஒரு கிராமும் கூடாமல் கிடைக்கும் காப்புறுதி அது.

அடுத்தது சமநிலை. பற்றறி உட்பட எல்லாவற்றையும் ஏற்றிய பின் செட்டையின் இரு பக்கமும் அடியில் விரல் நுனியால் விமானத்தைத் தாங்கிப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றர் தூரத்தில், அதாவது செட்டை அகலத்தின் காற்பங்கு அளவில், விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்குப் பாரமான விமானம் சோம்பலாகப் பறக்கும். வாற்பாரமான விமானத்தைப் பிடிக்கவே முடியாது. பற்றறியை முன்னும் பின்னும் நகர்த்தியே இதனைச் சரிசெய்யலாம். ஈயக்கட்டி வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

இரண்டு மோட்டார், ஒரே மனம்

மோட்டார் இரண்டையும் செட்டையில், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பூட்டுவதாகக் கொள்வோம். இங்கே தான் வேலை கொஞ்சம் கவனம் கேட்கின்றது.

முதலாவது, சுழலும் திசை. விசிறி வலப்பக்கம் சுழன்றால் விமானத்தின் உடல் இடப்பக்கம் புரளப் பார்க்கும். இரு விசிறிகளும் ஒரே திசையிற் சுழன்றால் அந்தப் புரட்டும் விசையும் ஒன்றோடொன்று சேரும்; எதிரெதிராகச் சுழன்றால் ஒன்றையொன்று அழிக்கும். ரைற் சகோதரர் சங்கிலியைக் குறுக்கே விட்டதன் காரணம் இதுவே. எமக்கு அவ்வளவு சிரமமில்லை. மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை இடம்மாற்றினால் அது எதிர்த்திசையிற் சுழலும். அதற்கேற்ற எதிர்ச்சுழல் விசிறியைப் பூட்ட வேண்டும்.

இரண்டாவது, ஒரே கட்டளை. வானொலி வாங்கியிலிருந்து வரும் வேகக் கட்டளையை ஒரு கிளை வயரால் இரு கட்டுப்படுத்திகளுக்கும் பிரித்துக் கொடுக்கின்றோம். ஆனால் அந்த இரண்டுக்கும் பூச்சியமும் முழு வேகமும் எவை என்று ஒரே மாதிரிச் சொல்லிக் கொடுக்காவிட்டால், ஒரு மோட்டார் முந்தித் தொடங்கும், மற்றது பிந்தும். விமானம் ஓடத் தொடங்கும்போதே பக்கம் திரும்பிவிடும். எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் அளவு திருத்திக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, வாங்கிக்கு வேண்டிய மின். பல கட்டுப்படுத்திகள் பற்றறியின் அழுத்தத்தை 5 வோற்று அளவுக்குக் குறைத்து வாங்கிக்கும் சேர்வோவுக்கும் ஊட்டுகின்றன. இரண்டு கட்டுப்படுத்திகளும் ஒரே நேரத்தில் ஊட்டினால் ஒன்றோடொன்று பிணங்கக்கூடும். ஒன்றின் செருகியிலிருந்து சிவப்பு வயரை மட்டும் கழற்றி, நுனியை நாடாவாற் சுற்றி விடுவது வழக்கம்.

ஒன்று நின்றுவிட்டால்?

இரண்டு மோட்டார் இருந்தால் இரு மடங்கு பாதுகாப்பு என்றே எவரும் நினைப்பர். ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் அல்லவா? உண்மை அவ்வளவு எளிதன்று.

ஒவ்வொரு மோட்டாரும் 400 கிராம் உதைப்புத் தருவதாகக் கொள்வோம். இடது மோட்டார் நின்றுவிட்டது. வலது மோட்டார் நடுக்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று தள்ளுகின்றது. 400 ஐ 20 ஆற் பெருக்கினால் 8,000. அந்தத் திருப்பத்தை அடக்கக்கூடியது வாலிலுள்ள சுக்கான். அது 60 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கின்றது. 8,000 ஐ 60 ஆற் பிரித்தால் 133. அதாவது, அச்சிறிய சுக்கான் ஏறத்தாழ 133 கிராம் பக்கவிசையைத் தர வேண்டும்.

வேகமாகப் பறக்கும்போது அது தரக்கூடும். ஆனால் காற்று தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் சுக்கானின் விசை காற்பங்காகும். நின்றுபோகாத மோட்டாரோ மெதுவான பறப்பிலும் முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவேதான் மேலெழும் நேரத்தில், வேகம் குறைவாகவும் மோட்டார் முழுமையாகவும் இருக்கும் அந்தச் சில செக்கன்களில் ஒரு மோட்டார் நின்றால் விமானம் பக்கவாட்டிற் சுழன்று முதுகுப்புறமாகப் புரண்டு விழுகின்றது. ஆளை ஏற்றும் இரட்டை இயந்திர விமானங்களிலும் இவ்வாபத்து உண்டு. ஒற்றை இயந்திரத்தில் இவ்வளவு வேகத்துக்குக் கீழே பறக்கலாகாது என்ற எல்லையை அவற்றின் விமானிகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பரிகாரம் மனித இயல்புக்கு எதிரானது. விமானம் சரியும்போது கை தானாகவே வேகத்தைக் கூட்டப் பார்க்கும். செய்ய வேண்டியதோ, நல்ல மோட்டாரையும் உடனே குறைத்து, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, நேரே முன்னாலுள்ள வெளியில் இறக்குவது. பலமுள்ள பக்கத்தை அடக்கினால்தான் முழு விமானமும் பிழைக்கும். மோட்டார்களை இயன்றவரை நடுவுக்குக் கிட்டப் பூட்டுவதும் சுக்கானைச் சற்றுப் பெரிதாக வெட்டுவதும் முற்காப்பு.

இதே சமனின்மையை வேண்டுமென்றே பயன்படுத்தவும் முடியும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காகச் செய்யப்பட்ட 'ஹீலியோஸ்' என்ற சூரியசக்தி விமானத்துக்குச் சுக்கானே இருக்கவில்லை. 75 மீற்றர் நீளச் செட்டையில் 14 மின் மோட்டார்கள் இருந்தன. ஒரு பக்க மோட்டார்களைக் கூட்டி மறுபக்கத்தைக் குறைத்தே அதனைத் திருப்பினார்கள். அதன் செட்டையின் முன்விளிம்பும் நுரைப் பொருளே. 2001 ஓகஸ்ட் 13 ஆம் திகதி அது 29,524 மீற்றர் உயரத்தை எட்டியது. 2003 யூன் 26 ஆம் திகதி காற்றுக் கொந்தளிப்பிற் செட்டை அளவுமீறி வளைந்து, ஹவாயின் காவாய் தீவுக்கருகே கடலில் விழுந்து சிதைந்தது.

நாசாவின் லாங்லி ஆய்வுநிலையத்திற் செய்த பத்து மோட்டார் விமானத்தின் கதையும் அறியத்தக்கது. நேரே மேலெழுந்து பின் சாதாரண விமானம்போற் பறக்கும் 'கிரீஸ்ட் லைட்னிங்' அது. 2015 இல் அது இவ்வாறு வெற்றிகரமாகப் பறந்ததற்கு முன்னர் பன்னிரண்டு மாதிரிகள் செய்தார்கள். தொடக்க மாதிரிகள் ஐந்து இறாத்தல் நிறையுள்ள எளிய நுரை விமானங்கள். கார்பன் இழையாற் கட்டிய பாரமான விமானம் கடைசியில்தான் வந்தது. பணமும் ஆய்வுகூடமும் உள்ளவர்கள்கூட, உடைக்கத்தக்க பொருளிலேயே முதலிற் படித்தார்கள் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

முதற் பறப்பு

கட்டி முடித்தவுடன் மோட்டாரை முடுக்கி எறிந்துவிடக் கூடாது. காற்றில்லாத காலை வேளையில், புல் வளர்ந்த வெளியில், மோட்டாரை இயக்காமல் விமானத்தை நேராக மெல்ல எறிந்து பாருங்கள். மூக்குக் குத்தினால் பற்றறியைப் பின்னே நகர்த்துங்கள். தலை தூக்கிப் பின் விழுந்தால் முன்னே நகர்த்துங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. செய்த மாற்றத்தையும் கண்ட பலனையும் கொப்பியில் எழுதி வைப்பவர் விரைவாக முன்னேறுவார்.

பறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியவை சில உண்டு. மடல்கள் சரியான பக்கம் அசைகின்றனவா? விசிறிகள் இறுக்கமாக உள்ளனவா? வானொலித் தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் தாமாக நிற்குமா? தொடர்புக் கருவியை ஒருமுறை அணைத்துப் பார்த்தே இதனை உறுதி செய்யலாம். அப்போது விசிறிகளைக் கழற்றி வைத்திருப்பது கட்டாயம்.

கற்பவர்களைக் குழப்புவது ஒன்றுண்டு. விமானம் எம்மை விட்டுப் போகும்போது அதன் இடமும் வலமும் எமது இடமும் வலமும் ஒன்றே. எம்மை நோக்கி வரும்போது அவை மாறிவிடும். இதற்கு எளிய வழி, எந்தச் செட்டை தாழ்கின்றதோ அந்தப் பக்கம் கைப்பிடியைத் தள்ளுவது. தாழ்ந்த செட்டைக்கு முண்டு கொடுப்பதுபோல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கணினி வசதி உள்ள இடங்களில் பறப்புப் பயிற்சி மென்பொருளிற் சில மணிநேரம் பழகினால் பல அட்டைகள் மிஞ்சும்.

எவ்வளவு நேரம் பறக்கலாம்? 2,200 மில்லி அம்பியர் மணிப் பற்றறியிற் பயன்படுத்தத்தக்கது 80 வீதம். சராசரி 10 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 10 நிமிடம். முழு வேகத்தில் 20 அம்பியர் ஓடினால் 5 நிமிடம். மணிக்கூடு வைத்தே பறக்க வேண்டும்.

தீயும் வெட்டும்

இவ்விமானத்தில் மலிவாக எண்ணக்கூடாதது பற்றறி. லிதியம் பொலிமர் வகைப் பற்றறி சிறு பொதியிற் பெருஞ்சக்தியை அடக்கி வைத்திருக்கின்றது. ஒவ்வொரு கலத்தையும் 4.2 வோற்றுக்கு மேல் ஏற்றவோ, 3 வோற்றுக்குக் கீழ் இறங்க விடவோ கூடாது. அதற்கென்றே செய்த மின்னேற்றியாலன்றி வேறெதனாலும் ஏற்றலாகாது. விழுந்து நசிந்த அல்லது வீங்கிய பற்றறியை மீண்டும் பாவிக்கலாகாது. அது தீப்பற்றினால் அணைப்பது மிகக் கடினம். ஓலைக் கூரையின் கீழும், படுக்கும் அறையிலும், எவரும் இல்லாத வேளையிலும் மின்னேற்றக் கூடாது. வெளித்திண்ணையில் மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து ஏற்றுவதே முறை.

விசிறியும் விளையாட்டன்று. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தரம் சுழலும் அது விரலை எலும்புவரை வெட்டும். மேசையில் வைத்துப் பரீட்சிக்கும்போதெல்லாம் விசிறிகளைக் கழற்றிவிட வேண்டும். பற்றறி தொடுத்தவுடன் அது எப்போதும் சுழலத் தயாராக உள்ளது என்றே எண்ண வேண்டும்.

மழைக்காலத்தில் அட்டையின் கடதாசி நனைந்து உரியும். விளிம்புகளை ஒட்டுநாடாவால் மூடி, மேலே மெல்லிய வார்னிஷ் பூசினால் கொஞ்சம் தாங்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விமானத்தை விட்டால் உருக்கி ஒட்டிய பசை இளகிச் செட்டை கோணும்.

வானம் பொதுவானது

தன் கையாற் செய்ததைத் தன் ஊர் வெளியிற் பறக்கவிட யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவர் எண்ணலாம். இலங்கையில் ஆளில்லா விமானங்கள் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டவை. வானொலிக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்த நாட்களில் ஆளில்லா விமானங்கள் பறப்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருந்தது. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. ஆகவே அட்டையை வெட்டுமுன் நடைமுறையிலுள்ள விதியை அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டறிவதும், பறக்கவிடும் இடத்தைப் பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிப்பதும் அவசியம். விமான நிலையம், படைமுகாம், சனக்கூட்டம், மின்கம்பி ஆகியவற்றின் அருகே அறவே கூடாது.

சட்டத்தில் எழுதப்படாத ஒன்றும் உண்டு. வன்னியில் போர்க்காலத்தில் வானில் இரைந்துகொண்டு சுற்றிய ஆளில்லா விமானத்தைச் சனங்கள் 'வண்டு' என்று அழைத்தார்கள். அந்த இரைச்சலுக்குப் பின் என்ன வரும் என்று பதுங்குகுழிக்குள் இருந்து காத்திருந்தவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றார்கள். போர் 2009 இல் முடிந்தது. ஆனால் காது அதனை மறப்பதில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தோன்றும் சத்தம் ஒரு தாய்க்கு நடுக்கத்தைத் தரலாம். ஆகவே முதலில் அயலவர்களிடம் சென்று, என்ன செய்யப்போகின்றோம், எந்த நாளில், எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். செய்த விமானத்தைக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். அட்டையும் றப்பர் வளையமுமே என்று தொட்டுப் பார்த்தால் பயம் கொஞ்சம் தணியும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வேறு வெளியைத் தேட வேண்டும். அறுவடை முடிந்த வயல் எங்காவது கிடைக்கும்.

கூடிச் செய்யுங்கள்

இம்முயற்சி தனி ஒருவருக்கு உரியதன்று. மோட்டார், பற்றறி, மின்னேற்றி, வானொலித் தொகுதி ஆகியவை செலவானவை. அட்டையும் பசையும் மலிவானவை. பாடசாலை விஞ்ஞான மன்றமோ இளைஞர் கழகமோ ஒரு தொகுதியைப் பொதுவில் வாங்கினால், பல பேர் தத்தம் விமானத்தைத் தாமே வெட்டி முறைவைத்துப் பூட்டிப் பறக்கவிடலாம். ஒருவர் நிறைக் கணக்கைப் பார்க்க, ஒருவர் வயர் ஒட்ட, ஒருவர் கொப்பியில் எழுத, வேலை பகிரப்படும். பெண்பிள்ளைகளைப் பார்வையாளராக ஓரத்தில் நிறுத்தாமல் ஒட்டும் மேசைக்கும் கைப்பிடிக்கும் அழைப்பது பொறுப்பாளர் கடமை.

அட்டை விமானம் கட்டியவர் எல்லோரும் விமானப் பொறியியலாளர் ஆகப்போவதில்லை. ஆனால் மோட்டாரின் வயரை மாற்றித் திசையை மாற்றக் கற்றவர், நீரிறைக்கும் இயந்திரம் எதிர்ப்பக்கம் சுற்றும்போது திகைத்து நிற்க மாட்டார். பற்றறியின் அளவைக் கணக்கிட்டவர் சூரியப் படலத்தின் பற்றறியையும் கணக்கிடுவார். விழுந்ததைப் பார்த்து அழாமல், ஏன் விழுந்தது என்று குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அது எந்தத் தொழிலிலும் அவருக்குக் கைகொடுக்கும். அப்பழக்கத்தைக் கொள்ள ஓர் அட்டையும் கொஞ்சம் பசையும் போதும். உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.